ஒரே பிளாட்பாரம்

சிவபாண்டி தன் காரைக் கார் என்று சொன்னதே இல்லை. ஸ்போர்ட்ஸ் செடான் என்பான். மூன்று கை மாறி வந்த கறுப்பு வண்டி அது. ஆனாலும் அவன் பேசுவதைக் கேட்டால், முன்னால் வைத்திருந்த இரண்டு பேரும் இவனுக்காகவே ஓட்டிப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் போலிருக்கும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பிளெக்ஸ் அடிக்கும் கடை அவனுடையது. அதனால் ஊரில் யார் வீட்டுக் காதுகுத்து பேனரானாலும் ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் அந்த வண்டி நிற்கும். அதன் மேல் சாய்ந்தபடி கூலிங் கிளாஸோடு சிவபாண்டியும் நிற்பான். காது குத்தப்பட்ட பிள்ளை அதற்குக் கீழே எங்காவது இருக்கும்.

போன மாதம் வண்டியைத் தாழ்த்தினான். நாலு சக்கரத்து ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் மாட்டினால் வண்டி தரையோடு தரையாகப் பம்மி நிற்கும். அதற்கென்றே வெளிநாட்டில் ஸ்பிரிங் செய்து விற்கிறார்கள். ஜெர்மனியிலிருந்து வரவழைக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்னவன், மதுரையில் பழைய இரும்புக்குப் போட்டிருந்த ஒரு சின்னக் காரிலிருந்து நாலு ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். அதே கம்பெனி வண்டிதான். எங்கோ மோதி முகம் நசுங்கிக் கிடந்தது.

"ரெண்டும் ஒரே பிளாட்பாரம்ணே, அண்ணன் தம்பி மாதிரி. அதுல உள்ளது இதுல அப்பிடியே உக்காரும்" என்று மாட்டிக் கொடுத்தான் மெக்கானிக் சதீஷ். ஒரே அடிச்சட்டத்தின் மேல் கட்டிய இரண்டு வண்டிகள் என்பது அதன் அர்த்தம். சிவபாண்டிக்கு அர்த்தத்தைவிடச் சொல் பிடித்திருந்தது.

இன்று அவன் மனைவி யோகேஸ்வரிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து, வளையல் அடுக்கி, பந்தியும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் தாய் வீட்டு வாசல்படி ஏறிவிட வேண்டும். வழியில் வண்டி நிற்கவும் கூடாது, திரும்பவும் கூடாது என்பது அந்த வீட்டு முறை. 'என் பொண்டாட்டி என் செடான்லதான் போவா' என்று சிவபாண்டி ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்திருந்தான்.

மூன்று மணிக்கு, கை கழுவப் போன இடத்தில் சதீஷின் போன் வந்தது.

"அண்ணே, வண்டி எங்க நிக்குது?"

"வாசல்ல. மாலை கட்டிக்கிட்டு இருக்காவ. ஏன்?"

"கிளப்பிராதீங்க. தளவாய்புரத்துக்காரர் ஒருத்தருக்கும் ஒங்களுக்குப் போட்ட மாதிரியே போட்டேம்லா, இன்னைக்கு அத லிப்ட்ல தூக்குனேன். பின்னால உள்ள ஸ்பிரிங் தன்னால கழண்டு என் கால்ல விழுந்துச்சு. சின்ன வண்டியோடது ரெண்டு விரக்கட குட்டைண்ணே. பாரத்துல அமுங்கி உக்காந்திருக்கும். பள்ளத்துல சக்கரம் தொங்குச்சுன்னா எடத்த விட்டு வெளிய வந்துரும்."

"வந்தா?"

"சாஞ்சு டயர்ல உரசும். ஓட்டத்துல இருந்தா கிழிச்சிரும். ஒங்களுதுல வலது பின்சக்கரத்து ஸ்பிரிங்கு அன்னைக்கே லேசா ஆடுச்சு. செட்டாயிரும்னு விட்டுட்டேன்."

வலது பின்சக்கரத்துக்கு நேர் மேலேதான் யோகேஸ்வரி உட்காருவாள். டிரைவருக்குப் பின்னால், அவளுக்கென்று தலையணை வைத்த இடம்.

செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: வண்டி சரியில்லை, வேனில் ஏறுங்கள். அந்த வாக்கியத்தைத் தொண்டை வரை கொண்டுவந்தபடிதான் சிவபாண்டி வாசலுக்கு வந்தான். அங்கே அவன் மச்சான் முத்துவீரன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் ஹவில்தார், பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "ஜெர்மன் ஸ்பிரிங்கு. நம்ம மாப்ள அங்கேருந்தே வரவழைச்சது. எங்க கர்னல் வண்டியிலகூடக் கெடையாது."

கர்னல் என்ற சொல் வந்ததும் வாக்கியம் திரும்பி வயிற்றுக்குள் போய்விட்டது. அது மறுபடி மேலே வருவதற்குள் வேன் கிளம்பிப் போயிருந்தது.

வண்டி இருபதில் ஊர்ந்தது. முன்னால் முத்துவீரன். பின்னால் யோகேஸ்வரியும் மாமியார் வெள்ளத்தாயும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதில் எத்தனை வேகத்தடை என்று சிவபாண்டிக்குத் தெரியும். தாழ்த்திய நாளிலிருந்து ஒவ்வொன்றும் வண்டியின் அடிவயிற்றில் உரசிய கணக்கு. அப்போதெல்லாம் உரசல் சத்தம் அவனுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் தடையில் முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பின்சக்கரம் இறங்கும்போது அவன் மூச்சை நிறுத்திக்கொண்டு காதை மட்டும் பின்னால் அனுப்பினான். யோகேஸ்வரியின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அவை கலகலவென்று குலுங்கின. அந்தக் கலகலப்புக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்ததா, இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"மாப்ள, பின்னால மாட்டுவண்டி ஹாரன் அடிக்குது. வழி விடுங்க" என்றான் முத்துவீரன்.

"புது ஸ்பிரிங் மச்சான். பழகணும்."

"போன மாசம் போட்டதுல்லா?"

"ரெண்டு மாசம் பழகணும்னு ஜெர்மனிக்காரன் எழுதியிருக்கான்."

"ஏலே, வாய வச்சிக்கிட்டு சும்மா வா" என்று வெள்ளத்தாய் மகனை அதட்டினாள். "புள்ளத்தாச்சிய வச்சி ஓட்டுனா இப்பிடித்தான் ஓட்டணும். இந்தமாதிரி ஒரு மாப்ள கெடைக்கணுமே. நானுந்தான் பாக்கேன், தெருவுல எவன் இம்புட்டுப் பதனமா ஓட்டுதான்?"

சிவபாண்டியின் முதுகு வேர்த்தது. ஏசியைக் கூட்டினான்.

இரண்டாவது தடையில் சத்தம் தெளிவாகவே கேட்டது. டொக். கதவுக்குள் யாரோ ஒரு விரலால் தட்டுவது போல.

"ஏங்க, எனக்கடியில ஏதோ தட்டுது" என்றாள் யோகேஸ்வரி.

"நீ அந்தப் பக்கம் மாறி உக்காரு. இங்க வெயில் அடிக்கும்."

"வெயில் எம் மேலல்லா அடிக்குது மாப்ள" என்றாள் வெள்ளத்தாய். மேற்கே மலைக்கு மேல் நின்ற சூரியன் அவள் மூக்குத்தியில்தான் பட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே என்று மகளை இடப்பக்கம் விட்டுவிட்டு அவள் வலப்பக்கம் வந்தாள். ஸ்பிரிங்குக்கு மேலே இப்போது மாமியார். அதனால் தனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்ததைச் சிவபாண்டி கவனித்தான். அந்த நிம்மதி இன்னொரு பயமாக மாறி நெஞ்சில் உட்கார்ந்தது. டயர் வெடித்தால் வண்டி ஆள் பார்த்தா கவிழும்?

வன்னியம்பட்டி தாண்டும்போது ஆட்டுக்குத் தழை கட்டிய மொபெட் ஒன்று அவர்களை முந்திப் போனது. ஓட்டிய ஆள் திரும்பி வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பஞ்சர் போலிருக்கிறது என்று கையால் ஜாடை காட்டினான். முத்துவீரன் ஜன்னலை இறக்கி, "தாழ்த்தியிருக்குங்க" என்றான். "பாவம்" என்றான் அந்த ஆள்.

டொக், டொக். இப்போது தடையே இல்லாத இடத்திலும் கேட்டது. சிவபாண்டி கண்ணாடியில் பார்த்தான். யோகேஸ்வரி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கை லேசாக இறுகியது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிற இடத்தில், மடவார் வளாகம் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், குழாய் பதிக்கச் சாலையைக் குறுக்கே வெட்டி மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மண் இறங்கி ஒரு சாண் பள்ளமாகிக் கிடந்தது. சக்கரம் அதில் இறங்கினால் தொங்கும். தொங்கினால் என்ன ஆகும் என்று சதீஷ் சொல்லியாகிவிட்டது.

சிவபாண்டி பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த கவர்ன்மெண்ட் பஸ் ஹாரன் அடித்தது.

"நிறுத்தக் கூடாது மாப்ள. மணி நாலேகால். தாண்டிருங்க" என்றாள் வெள்ளத்தாய்.

"செத்த நேரம்."

"தாண்டுங்க மாப்ள, ஜெர்மன் ஸ்பிரிங்குக்கு இதெல்லாம் ஒரு பள்ளமா" என்றான் முத்துவீரன்.

சிவபாண்டி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. தாண்டியும்விடலாம். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. கண்ணாடியில் அந்தக் கை மறுபடி இறுகியது, இந்த முறை சத்தம் எதுவும் வராமலே.

"எல்லாரும் எறங்குங்க" என்றான். குரல் அவனுடையது போல இல்லை. "ஸ்பிரிங் கழண்டுரும். அது ஜெர்மனி இல்லத்தே. மதுரையில பழைய வண்டியில கழட்டுனது. இதே கம்பெனிதான், ரெண்டும் ஒரே பிளாட்பாரம்."

வெள்ளத்தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். "பிளாட்பாரத்துலயா வாங்குனீய?"

"அந்தப் பிளாட்பாரம் இல்லத்தே. இது வண்டிக்கு அடியில உள்ளது."

"வண்டிக்கு அடியில என்ன பிளாட்பாரம்?"

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். "ஸ்பிரிங்க பிளாட்பாரத்துல வாங்கிப் போட்டிருக்காராம்" என்றான் முத்துவீரன். செய்தி ஜன்னல் வழியாகப் பஸ்ஸுக்குள் ஏறி, சீட் சீட்டாக நகர்ந்தது. கடைசி சீட்டுக்குப் போய்ச் சேரும்போது காரையே பிளாட்பாரத்தில் வாங்கியதாக ஆகியிருந்தது. பேனரில் பார்த்த முகத்தை யாரோ அடையாளம் கண்டு சிரித்தார்கள். சிவபாண்டிக்கு அது கேட்டது. ஆச்சரியமாக, வலிக்கவில்லை.

முத்துவீரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரையில் முதுகை வைத்து வலது பின்சக்கரத்துக்குள் தலையை நீட்டினான். இன்னும் இரண்டு கேலி அவனிடம் தயாராக இருந்திருக்கும். எழுந்து வந்தபோது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஏற்கனவே வெளிய வந்திருச்சு மாப்ள. சாஞ்சு நிக்குது" என்றான் மெதுவாக. "டயரு உள்பக்கம் சுத்திக் கீறியிருக்கு. நூலு தெரியுது."

சிவபாண்டி குனிந்து பார்க்கவில்லை. வந்த வழியை நினைத்தான். லாரிகள் எதிரே வந்த அந்த நேர் ரோட்டில் தான் ஒரு இடத்தில் நாற்பதைத் தொட்டது ஞாபகம் வந்தது. மொபெட்காரனை மறுபடி முந்துவதற்காக.

வெள்ளத்தாய் எதிரே வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தித் திருப்பச் சொன்னாள். யோகேஸ்வரி ஏறப் போனவள், கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். சத்தம் கேட்டுக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் மாமியார் நம்புவாள், இன்னும் நாலு வீட்டில் பெருமையாகவும் சொல்லுவாள். அந்தப் பொய் மற்ற எல்லாப் பொய்யையும்போல் நன்றாகச் செய்யப்பட்டு, பளபளவென்று, வாயருகே வந்து நின்றது.

"வீட்டுலயே தெரியும்" என்றான். "கிளம்புறதுக்கு முன்னாடி சதீஷ் போன் பண்ணுனான்."

வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துவீரன் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான். யோகேஸ்வரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் ஓர் ஆளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஆட்டோக்காரரிடம், "பள்ளத்துல மெதுவா எறக்குங்கண்ணே" என்றாள்.

ஆட்டோ இறங்கியது. முதலில் முன்சக்கரம், பிறகு பின்னால் இரண்டும். பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று சக்கரமும் அந்தப் பக்கம் ஏறித் தார் ரோட்டைத் தொடும் வரை சிவபாண்டி மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகும் அது ஒழுங்காக வரவில்லை.