பின்படியில் ஒரு குழந்தை

ஜார்ஜியாவின் அந்தச் சிற்றூரில் இருந்த ஒரே டாக்டர் ஆல்வின் பர்செல். ஊரின் மற்ற இடங்களைப் போலவே அவரது மருத்துவமனையிலும் முன்வாசலும் முன்னறையும் வெள்ளையருக்கு, பின்வாசலும் பின்னறையும் கறுப்பருக்கு என்றுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சுத்தியலை எடுத்து நடுத்தடுப்பை உடைத்துப் போட்டார்.

"இனிமே முதல்ல வந்தவங்களை முதல்ல பார்ப்போம். அவ்வளவுதான்" என்றார், வரவேற்பு மேசையைக் கவனித்துக்கொண்ட மகள் நடீனிடம்.

அப்பா செய்தது சரி என்றுதான் நடீனுக்கும் பட்டது. வீட்டில் அதைச் சொல்வது எளிதாகவும் இருந்தது.

அந்த வாரமே ஆசி டாலிவர் என்ற கறுப்பினப் பெண், காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு மற்ற எல்லோருக்கும் முன்பே வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் திருமதி ஹாஸ்கெல் நுழைந்தாள். நடீனுக்கு மாமியாராகப் போகிறவள்.

"என்னம்மா நடீன், நான் எங்க உட்காரணும்? அவ மடியிலயா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நடீனுக்கு முகம் சுட்டது. ஆசியின் பக்கம் திரும்பினாள்.

"ஆசி, கொஞ்சம் பின்னாடி போய் இரு. நான் கூப்பிடறேன்."

ஆசி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியேறினாள். பின்பக்கம் இப்போது அறை இல்லை. வெயிலில் காயும் படிகள்தான்.

டாக்டர் கதவைத் திறந்தார். "டாலிவர் அம்மா வந்தாங்களே, எங்க?"

அந்த ஊரில் எந்த வெள்ளையரும் ஒரு கறுப்பினப் பெண்ணை அப்படி மரியாதையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"உங்க பொண்ணுக்காவது புத்தி இருக்கு, டாக்டர்" என்றாள் திருமதி ஹாஸ்கெல்.

அவர் மகளைப் பார்த்தார். நேரே பின்வாசலுக்குப் போனார். படியில் மண்டியிட்டுக் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. என் இடத்துல இப்படி நடந்திருக்கக் கூடாது."

வலைக்கதவுக்கு இப்பால் நின்ற நடீனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் நடுவே உள்ளே வந்தபோது திருமதி ஹாஸ்கெல் எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா எப்போதும்போல் சோள ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"திட்டுங்கப்பா."

"இருபது வருஷமா அந்தத் தடுப்ப வச்சிருந்தவன் நான். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ பேச வேண்டியது என்கிட்ட இல்லம்மா."

மறுநாள் நடீன் ஆசியின் வீட்டுக்குப் போனாள். ஆசி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அனுப்பினாரா, சின்னம்மா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். பாப்பா எப்படி இருக்கா?"

"காய்ச்சல் விட்டிருக்கு."

"நேத்து நான் செஞ்சது தப்பு."

"தெரியும்." ஆசி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "கூப்பிடறேன்னு சொன்னீங்க. எப்பம்மா கூப்பிடுவாங்க, எப்பம்மா கூப்பிடுவாங்கன்னு பாப்பா கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

ஆசி காலிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கல்யாணம் நின்றுபோனது. வெள்ளைக்கார நோயாளிகள் பலர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பாவால் வந்த கஷ்டம் என்று ஊரார் நடீனுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் அவள் கூசிப்போனாள்.