கால் ஒடிந்த டைனோசர்கள்

“வண்டியைத் திருப்புங்கன்னு சொல்றேன்ல—”

“திருப்புறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?”

“வெயில் மண்டையைப் பிளக்குது, பெட்ரோல் வேற—”

“பெட்ரோல் பாதிக்கு மேல இருக்கு. உன் வாய்தான் காலியாக மாட்டேங்குது.”

“ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசாதீங்கப்பா,” என்றாள் பின்சீட்டிலிருந்த நாத்தனார். அவள் கைப்பேசி இருவர் தலைக்கும் நடுவே நீண்டிருந்தது. “வீடியோவுல ஒரு இழவும் புரியாது. தம்பி, நீ சொல்லு. நாம எங்க போறோம்?”

தம்பி எலும்பு டாக்டர். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நாலாவது நோயாளியைப் பார்க்கப் போறோம்” என்றார்.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவளும் டாக்டர்தான், மயக்க மருந்து கொடுப்பவள். அவர் அறுத்தவர்களையெல்லாம் தூங்கவைத்தது அவள். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது முதலில் தொழிலாக இருந்தது, பிறகு பழக்கமானது, கடைசியில் அதுவே அவள் குடும்பம் நடத்தும் முறையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய ஆபரேஷன்களை ஒவ்வொன்றாகச் சின்ன டாக்டர்களுக்கு மாற்றினார்களே, அப்போது “உங்களைக் கொஞ்சம் ஓய்வா வெச்சுக்கணும்னு பார்க்கிறாங்க” என்று சொன்னவள் அவள்தான். அவருக்குக் கை நடுங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் ஓடிய பேச்சை வீட்டு வாசற்படி ஏற அவள் விட்டதே இல்லை.

வீட்டில் சும்மா இருந்தால் தம்பி துருப்பிடித்துப் போவான் என்று நாத்தனார் போட்ட திட்டம் இந்தப் பயணம். பாலைவனத்தின் நடுவே ஒரே ஒரு சாலை. அந்தச் சாலைக்கு டைனோசரை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. பெட்ரோல் பங்க் வாசலில் ஒன்று, லாட்ஜ் மொட்டைமாடியில் ஒன்று. பஞ்சர் கடைக்காரர்கூடப் பழைய டயரை அடுக்கி, பல் வைத்து, ஒன்றை நிறுத்தியிருந்தார். ஊருக்கு ஊர் மியூசியம். முதல் ஊரில் ‘உலகிலேயே பெரியது’ என்று பலகை. அடுத்த ஊரில் ‘உலகிலேயே உண்மையானது’. மூன்றாம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல மிச்சம் ஒன்றும் கிடைக்காததால், ‘உலகிலேயே’ என்று எழுதி அதோடு நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூன்று ஊரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: எங்கள் டைனோசர் எங்கள் ஊர் மண்ணில் எடுத்தது.

முதல் மியூசியத்தில்தான் வினை ஆரம்பித்தது. கொட்டாவி விட்டபடி உள்ளே போன டாக்டர், டைனோசர் எலும்புக்கூட்டின் பின்னங்கால் முன்னால் போய் நின்றதும் வாயை மூடினார். தொடை எலும்பின் நடுவில் வளையம்போல ஒரு மேடு.

“பழைய முறிவு. கோணலாக் கூடியிருக்கு. எவனும் ஒழுங்கா இழுத்து வெச்சுக் கட்டலை.”

“அது டைனோசருங்க,” என்றாள் மனைவி.

“அதுக்காக?”

மியூசியம் பொறுப்பாளர் ஓடிவந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே ‘இவன் நொண்டி நடந்தவன்’ என்று புதுப் பலகை தொங்கியது. அதுவரை கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம், நொண்டியடித்து நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது.

மியூசியத்தைவிடப் பெரிதாக இருந்த பரிசுப் பொருள் கடையில், பொறுப்பாளர் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார்.

“டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. அது எலும்பே இல்லை, பிளாஸ்டர். அச்சோட ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல மாவு பிதுங்கிடுச்சு. இந்த ரோட்டுல நிக்கிற மூணுமே ஒரே அச்சுதான். அசலு ரோட்டுக் கடைசியில பாறையிலேயே கிடக்கு, காலு கிண்ணுன்னு இருக்கு.”

“இதை அவர்கிட்ட நீங்களே சொல்லக் கூடாதா?”

“நானா? சார் முகத்தைப் பாருங்க. புது மாப்பிள்ளை மாதிரி இல்ல இருக்காரு?”

அவள் பார்த்தாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பனியனோடு சோபாவில் சரிந்து கிடந்த மனிதர், தரையில் முழங்கால் போட்டு, “டேப் இருக்கா, டேப்?” என்று யாரோ ஒருவரை விரட்டிக்கொண்டிருந்தார். ஆயுசு பூராவும் எலும்புக்கு மேல் மாவுக்கட்டு போட்டவர், இப்போது மாவுக்குள்ளே எலும்பைத் தேடிக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தவள், அப்படியே மென்று விழுங்கினாள்.

இரண்டாவது மியூசியத்தில் அதே கால், அதே மேடு. மூன்றாவதில் டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“ஒரு இனமே நொண்டியிருக்கு! விண்கல் விழுந்துச்சாம், எரிமலை வெடிச்சுதாம். ஓட முடியலை, செத்துப் போச்சு. இதைக் கண்டுபிடிக்க இத்தனை நாள் ஒரு எலும்பு டாக்டர் வராமப் போயிட்டானே!”

“நீ வந்துட்டே இல்ல,” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்றைக்கே லாட்ஜிலிருந்து எலும்பு டாக்டர்கள் சங்கத் தலைவருக்குப் போன் போனது. வருஷாந்திரக் கூட்டத்தில், தலைவர் உரை முடிந்த கையோடு இவருடைய உரை. கொஞ்ச நாளாக இவர் போனையே எடுக்காத தலைவர், அன்று தானாகவே திரும்பக் கூப்பிட்டு, “படமெல்லாம் பெரிசாப் போடுங்க” என்றாராம்.

அதிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போனது. சாலைக் கோடிக்குப் போனால் மானம் இங்கே போகும். போகாவிட்டால், இவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்ட அதே சின்ன டாக்டர்கள் முன்னால், அரங்கம் நிறையப் போகும். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

“ஏங்க, அந்தக் கூட்டத்துல பேசத்தான் வேணுமா?”

“பொறாமை.”

“எனக்கா? உங்க மேலயா?”

“மயக்க மருந்துக்காரங்களை எந்த மேடையில கூப்பிடுறான்? அந்த எரிச்சல்.”

“தம்பி சொல்றது வாஸ்தவம்தான்,” என்றது பின்சீட்டு.

“அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். வீடியோதான் ஓடுது.”

சாலை முடிந்தது. தகரக் கூரை, சுற்றிக் கம்பி வேலி, கையகலப் பலகை, அவ்வளவுதான். ஒரு கடை இல்லை, காவலுக்கு ஆள் இல்லை, குடிக்கத் தண்ணீர்க் குழாய் இல்லை. ஆனால் பக்கத்திலேயே செல்போன் கோபுரம் இருந்தது.

“சிக்னல் ஃபுல்லு!” என்று நாத்தனார் குதித்து இறங்கினாள். அடுத்த நிமிஷம் சித்தப்பா வீடு, மாமா வீடு, வெளிநாட்டில் பாதித் தூக்கத்தில் இருந்த மருமகள் என்று குடும்பம் மொத்தமும் வீடியோ காலில் கூடிவிட்டது.

டாக்டர் அதற்குள் பாறை பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

“எல்லாரும் கேளுங்க, பலகையைப் படிக்கிறேன்,” என்று அக்கா குரலை உயர்த்தினாள். “‘இந்தப் பாறையில் உள்ள எலும்புகளிலிருந்து எடுத்த அச்சைக் கொண்டே, இச்சாலையிலுள்ள மூன்று மியூசியங்களின் உருவங்களும் வார்க்கப்பட்டன.’” குரல் தானாக இறங்கியது. “தம்பி... மூணுன்னா, எந்த மூணு?”

தம்பி கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பிலிருந்து முழங்கால் வரை அந்த எலும்பைத் தடவினார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வருவதற்கு முன்பே அவர் அப்படித்தான் முறிவைச் சொல்வார், சொன்னது தப்பாது. மறுபடியும் தடவினார். எங்கும் ஒரு பிசிறு இல்லை.

“அக்கா, போனைக் கீழ வை.”

“மாமா ஏதோ கேக்குறாருடா...”

“வை.”

அவள் அவசரத்தில் அணைக்காமலே பைக்குள் போட்டாள். “என்னாச்சு? உடைஞ்ச இடத்தைக் காட்டச் சொல்லு,” என்றது பை. “எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே,” என்றது இன்னொரு குரல். நாத்தனார் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

“அப்ப அந்த மேடு?” என்றார் டாக்டர், எலும்பிலிருந்து கையை எடுக்காமல்.

“மாவுங்க.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

இப்பத்தான், உங்களோட சேர்ந்துதான் எனக்கும் தெரியும் என்ற பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ முறை கைகொடுத்த பதில். அவர் விரல்கள் பாறை மேல் மெல்ல நடுங்குவதைப் பார்த்தாள்.

“முதல் மியூசியத்துலயே.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் சமாளிக்க அவளிடம் வழி இருந்தது. அவர் கத்தவில்லை. வேட்டியில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் எழுந்து, எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்கிற குரலில் கேட்டார்.

“வேற எதெல்லாம் என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கே?”