கூப்பிட்டு வந்த மான்

கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா மங்காட் கேட்ட கேள்விதான் சங்காவின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

"பன்றிக்கறி நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வீட்டுல ஒரு பெரிய வேட்டைக்காரர் இருக்காராமே? அவரு இலையை ஊதினா கேளையாடு மடியில வந்து உக்காருமாமே? அவரு இன்னிக்கு லீவா?"

பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் அந்த நீளவீட்டின் பொதுக்கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை பெலாயோங் மட்டும், "சும்மா இருங்க மாமா" என்று அவர் காதைக் கடித்தான். மணப்பெண் செனியா அண்ணனைப் பார்த்துப் புன்னகைத்தாள். பேசட்டும் விடு என்பதுபோல இருந்தது அது. சங்காவால் விட முடியவில்லை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று இருப்பவன் அவன்தான். தங்கையின் கல்யாணத்தில் மான்கறி இல்லை என்று ஆற்றங்கரை முழுக்கப் பேசுவார்களே!

மணம் முடிந்து மூன்று நாள் வரை யாரும் காட்டுப்பக்கம் போவதில்லை. நாயைக்கூட அவிழ்த்து விடமாட்டார்கள். அந்த மூன்று நாளுக்குள் வீட்டருகே கேளையாடு என்னும் சிறுமான் குரைத்துவிட்டால், இந்த இருவரும் சேர்ந்து வாழ வேண்டாம் என்று தெய்வங்களே சொன்னதாக அர்த்தம். மீறி வாழ்ந்தால் இருவரில் ஒருவர் உயிரோடு தங்கமாட்டார். நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்த ஜோடிகளையே பிரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் மூன்றாம் நாள் விடியலில் சங்காவ் துப்பாக்கியோடு பின்மலை ஏறினான். ஒரே ஒரு மான், யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். இளம் இலை ஒன்றைக் கிள்ளி, உதடுகளுக்கு நடுவே வைத்து ஊதினான். தாயைத் தொலைத்த குட்டியின் குரல் எழும்பியது. நாலாவது ஊதலுக்கே புதர் அசைந்து ஒரு பெண்மான் வெளியே வந்தது. அவன் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் காற்று திரும்பிவிட்டது. மனித வாடை பட்டதுதான் தாமதம், மான் துள்ளித் திரும்பி, குரைத்துக்கொண்டே சரிவில் இறங்கி, நேராக வீட்டுப்பக்கம் ஓடியது. நாய் குரைப்பதுபோல, ஒன்பது பத்து தடவை.

சங்காவ் துப்பாக்கியைப் புதரில் மறைத்தான். சுற்றுவழியாக ஆற்றில் இறங்கித் தலையை நனைத்துக்கொண்டு, குளித்துவிட்டு வருகிறவனாகப் படியேறி வந்தான்.

மூன்று நாளும் தங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் கூடியிருந்தார்கள். நெல் குத்துகிற உலக்கைகள் நின்றிருந்தன. மங்காட் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"உனக்கும் கேட்டுச்சாப்பா?"

"கேட்டுச்சு மாமா" என்றான் சங்காவ்.

கல்யாணம் முறிந்தது என்று நண்பகலில் மாப்பிள்ளை வீட்டார் படகேறினார்கள். பெலாயோங் துறையில் நின்று செனியாவையே பார்த்தான். தொடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். படகின் மோட்டார் சத்தம் வளைவைத் தாண்டி ஓயும்வரை செனியா அசையவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்து கட்டியவன். மூன்று நாள்கூட முழுசாக இருக்கவில்லை.

இப்போது சொல்லலாம், சாயங்காலம் சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று சங்காவ் இரண்டு நாளைக் கடத்தினான். சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் 'கேட்டுச்சு மாமா' என்ற அவன் குரலே வந்து நாக்கைப் பிடித்தது. இரண்டாம் நாள் மாலை செனியா அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண் சிறுத்திருந்தது.

"நீ ஏண்ணா பட்டினி கெடக்குற? எனக்கு இப்படி விதிச்சிருக்கு. அதுக்கு நீ என்ன பண்ணுவே? உன் மேல என்ன தப்பு?"

அவளே தட்டில் சோற்றைப் பிசைந்து நீட்டினாள். அந்தச் சோற்றை அவனால் வாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் படகை அவிழ்த்தான். அப்போதும் அவளிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

ஆற்றின் கீழே பெலாயோங்கின் நீளவீட்டுக்கு மங்காட்தான் தலைவர். விளக்கேற்றும் நேரத்தில் கூடத்தின் நடுவே நின்று சங்காவ் சொன்னான்:

"அந்த மான் தானா வரல. நான்தான் கூப்பிட்டேன்."

யாரும் நம்பவில்லை.

"தங்கச்சிக்காகப் பொய் சொல்றே. நல்ல அண்ணன்தான்" என்றார் மங்காட். "தம்பி, மான் தானா வந்து குரைச்சா சகுனம். ஆளு கூப்பிட்டு வந்தா அது வெறும் மான், அவ்வளவுதான். ஆனா எதை வெச்சு நாங்க நம்புறது? தப்பா நம்பினா போறது எங்க புள்ள உசுரு."

"ஊதிக் காட்டச் சொல்லுங்க!" என்றது ஒரு குரல்.

யாரோ இலை பறித்துக் கொடுத்தார்கள். முப்பது நாற்பது பேர் பார்க்க சங்காவ் உதட்டில் வைத்தான். வாய் வறண்டு கிடந்தது. புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"இதுக்கு மான் வராது. கொசு வரும்!"

சிரிப்பு வெடித்தது. பெலாயோங் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"குடிங்க மச்சான். நீங்க சொல்றது நிஜமா இருக்கணும்."

குடித்துவிட்டு ஊதினான். இந்த முறை குட்டியின் குரல் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போயிற்று. வீட்டுக்கு அடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஊளையிட்டன. ஒரு பெண் மடியில் தூங்கிய குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். 

பெலாயோங்கின் அம்மா எழுந்து வந்தாள்.

"இதைக் கேட்டு ஓடி வந்ததா அது? தான் பெத்த குட்டின்னு நெனச்சு?"

சங்காவ் தலை குனிந்தான்.

"உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை."

"எங்ககிட்ட சொல்ல வாய் இருக்கு, அவகிட்ட சொல்ல இல்ல. என் புள்ளையை அனுப்புறேன். ஆனா அவன் வாயால சொல்லமாட்டான். நீதான் சொல்லணும்."

மங்காட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் அன்னிக்கு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றார் தரையைப் பார்த்து. பிறகு தலைவராகத் தீர்ப்புச் சொன்னார். சகுனம் செல்லாது. தடை நாளில் காட்டுக்குப் போனதற்குத் தண்டம் ஒரு பன்றி. அதை சங்காவ் தன் வீட்டிலேயே வெட்டி, எதற்காக வெட்டுகிறான் என்பதை எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை படகு துறையைத் தொட்டபோது செனியா துணி அலசிக்கொண்டிருந்தாள். பெலாயோங்கைக் கண்டதும் கையிலிருந்த துணி நழுவி ஆற்றோடு போயிற்று. அவன் படகிலேயே உட்கார்ந்திருந்தான். சங்காவ்தான் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். மலை ஏறியதை, ஊதியதை, துப்பாக்கியை ஒளித்ததை, தலையை நனைத்துக்கொண்டு வந்ததை.

அவள் கடைசிவரை கேட்டாள். திட்டவில்லை. அவனைத் தாண்டிப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புருஷனின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.

பன்றியை மறுநாள் வெட்டுவதென்று முடிவாயிற்று. அன்று மத்தியானம் பாயில் எல்லோருக்கும் அவளே சோறு போட்டாள். முதல் தட்டு வழக்கம்போல சங்காவுக்குத்தான் வந்தது. மீனின் நடுத்துண்டுகூட அவனுக்கே விழுந்தது.

"சாப்பிடு" என்றாள்.

அண்ணா என்று சொல்லவில்லை. பெலாயோங் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். சங்காவ் தலை நிமிராமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.