அக்கரையில் சபா

சஃபர் மாதத்துக் கடைசிப் புதனன்று எங்கள் ஆட்கள் வீட்டில் தங்குவதில்லை. தண்ணீர் இருக்கும் இடமாகப் போய், பசும்புல்லை வெறுங்காலால் மிதித்துவிட்டு வந்தால் பலாய் முசீபத்து, பீடையெல்லாம் கழிந்துவிடும் என்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வழக்கமாகப் புதுச்சேரி கடற்கரைக்குப் போவோம். இந்த வருஷம் கடலில் இறங்கத் தடை. அதனால் வெள்ளிமலை தாண்டி ஓர் அருவி.

என் மனைவி பிர்தௌஸ் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகவில்லை. எனக்குப் புல்லும் ஒன்றுதான், சிமெண்டுத் தரையும் ஒன்றுதான். அவளுடைய அம்மா, என் மாமிதான், விடவில்லை.

"நீங்க வர்லன்னா போங்க மாப்ளே. புள்ளையயாவது அனுப்புங்க. தாயில்லாத புள்ள."

கடைசியில் நானும் காரில் ஏறினேன்.

"மச்சான் வந்து மட்டும் இன்னா பண்ணப் போறாரு? பாறை மேல இன்னொரு பாறையா குந்திக்கினு இருப்பாரு" என்றான் காரோட்டிய ரவூப், மாமியின் மகன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார் மாமி.

ஓடையில் முழங்காலளவுகூடத் தண்ணீர் இல்லை. இக்கரைப் புல்லெல்லாம் மிதிபட்டு, பாட்டிலும் பேப்பர் தட்டுமாகக் கிடந்தது. யாரோ மிதித்த புல் வேண்டாமென்று மாமி செருப்பைக் கழற்றிவிட்டு, என் மகள் சபாவைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். ரவூப் பிரியாணி எடுத்துவரக் காருக்குப் போனான். நான் பாறையில் உட்கார்ந்தேன்.

எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது.

முதலில் சருகுகள் வந்தன. அப்புறம் தண்ணீர் டீ நிறமானது. குனிந்து பார்த்தால் பாறையில் பாதியைக் காணவில்லை.

"மாமி, இறங்காதீங்க! மேல ஏறுங்க!"

அருவி இரைச்சலில் எதுவும் போய்ச் சேரவில்லை. மேலே போகச் சொல்லிக் கையை வீசினேன். அவருக்கு அது கூப்பிடுவதாகப் பட்டிருக்க வேண்டும். சபாவை இடுப்பில் ஏற்றி, புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார்.

நான் ஓர் அடி முன்னால் போனேன். அவரும் ஓர் அடி வந்தார். சபா இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள். "அத்தா" என்று வாய் அசைந்தது.

நான் கண்ணில் பட்டு நிற்கும்வரை வருவார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். பாதை திரும்பும் இடத்தில், கரை கண்ணுக்குப் படாத ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் கற்கள் உருளும் சத்தம். நான் திரும்புவதற்குள் அவர் நடு ஓடைக்கு வந்துவிட்டிருந்தால்? நான் போவதைப் பார்த்து அவசரப்பட்டு இன்னும் உள்ளே இறங்கியிருந்தால்? எட்டிப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை.

ரவூப் பாத்திரத்தோடு வந்தான். "இன்னா மச்சான், மூஞ்சி வெளுத்துக்கினு கீது? அம்மா எங்க?"

ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அவன் குரல் வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"மேல கீறாங்க மச்சான்! ரெண்டு பேரும் மேல கீறாங்க!"

போய்ப் பார்த்தேன். அக்கரைப் பாறை உயரத்தில் மாமி நின்று எதையோ கத்திக்கொண்டிருந்தார். திட்டுகிறார் என்பது தெரிந்தது. சபா அவர் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒன்ன பாக்கமாட்டேங்குது பாரு. கூப்டு மச்சான்."

"வேணாம்" என்றேன். "தண்ணி வடியட்டும். அதுவரைக்கும் நீயும் கூப்டாத."