இரண்டாவது ரீலில் இருந்த மனிதர்

சத்தக்காரர் முதல்முறை செத்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு. ஐந்தே முக்காலுக்கு எழுந்து காபி கேட்டார். வானொலி நாடகங்களுக்கு மழை, இடி, குதிரைக் குளம்பு எல்லாம் செய்து கொடுப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவர் வேலை பார்த்த நிலையத்திலேயே ஒரு கொலைப் படம் எடுத்தார்கள். மைக் முன்னால் சுடப்பட்டுச் சாகும் அறிவிப்பாளராக நடிக்க இருந்தவர் வராமல் போகவே, விழுந்து கிடந்தால் போதும் என்று இவரை உட்கார வைத்தார்கள். மனிதருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. படம் வெளியான நாள்முதல், அது எந்த ஊரில் ஓடினாலும், இரண்டாவது ரீலில் துப்பாக்கி வெடித்ததும் இவர் நாடி நின்றுவிடும்.

படம் முடிந்தால் எழுந்துவிடுவார் என்றுதான் மனைவி முதலில் நினைத்தாள். அப்படியில்லை. ஓடிய ரீலை ஆபரேட்டர் அடுத்த காட்சிக்காகத் திருப்பிச் சுற்றினால்தான் உயிர் திரும்பியது. வீட்டில் நாத்தனாரைப் போன் அருகே உட்கார்த்திவிட்டு, தியேட்டர் மாடியில் ஆபரேட்டர் அறையில் நின்று மூன்று நாளில் இதைக் கண்டுபிடித்தாள். தயாரிப்பாளரால் ஒரே ஒரு பிரதிதான் போட முடிந்தது என்பது நல்லதாய்ப் போயிற்று. அந்த ரீல் டப்பா மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினாள்: 'ஐயா, ஓட்டி முடித்ததும் உடனே திருப்பிச் சுற்றவும். இதில் என் வீட்டுக்காரர் இருக்கிறார்.' முகம் தெரியாத ஆபரேட்டர்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கொடுத்தார்கள். நிலையத்தில் டியூட்டியை மாற்றித் தந்தார்கள். பதினாறு வருடம் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி நேரத்தில் வீட்டில் சாய்ந்தவர், மறுநாள் விடிந்தும் எழவில்லை. அவள் போன் செய்தாள். படத்தை எடுத்தாகிவிட்டது, தேய்ந்துபோன பிரதி, பழைய பிலிமை உருக்குகிற கொட்டகைக்குப் போய்விட்டது என்றார் தியேட்டர்காரர். சுற்றினீர்களா என்று கேட்டாள்.

"உருக்கப் போற படத்தை எதுக்கும்மா சுத்தணும்?"

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லாம் தெரிந்த நாத்தனாரே நம்பிக்கை விட்டிருந்தாள்.

"ஒரு நாள் முழுசா ஆச்சும்மா. இதுவரைக்கும் இப்படி இருந்ததில்லையே. நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லியாச்சு."

"நான் வர்ற வரைக்கும் யாரும் அவரைத் தொடக் கூடாது அண்ணி."

"நாலு மணி வரைக்கும் பாத்துக்கறேன். அதுக்குமேல என் பேச்சை யாரு கேப்பாங்க?"

அவள் கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. முதல் ரீல் உருகிக்கொண்டிருந்தது. புருஷனை மீட்க வந்திருக்கிறேன் என்றதும் மேஸ்திரி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, எந்த ரீல் என்றுதான் கேட்டார். சுற்றுகிற இயந்திரம் அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்து கையால் சுற்றினாள். ஆயிரம் அடி. அவசரப்பட்டால் சிக்கும், நிதானித்தால் வண்டி வந்துவிடும். பிலிம் விரலை அறுத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்: தரையில் கணவர், இன்னும் தரையில் கணவர், அப்போதும் தரையில்தான். பயமும் ஆத்திரமும் சேர்ந்து வர, "எந்திரிச்சுத் தொலைங்களேன்" என்று சத்தம் போட்டே அழுதாள். நான்கடிக்க ஆறு நிமிடம் இருக்கையில், கட்டத்துக்குள் அவர் நாற்காலியில் மைக் முன் உட்கார்ந்திருந்தார். மிச்சத்தையும் சுற்றி முடித்துவிட்டுப் போனுக்கு ஓடினாள்.

"எந்திரிச்சிட்டான்" என்றாள் நாத்தனார். "உன்னை யாருய்யா வரச் சொன்னதுன்னு வண்டிக்காரனோட சண்டை போட்டுட்டிருக்கான்."

மேஸ்திரி அந்த ரீலை அவளிடமே கொடுத்துவிட்டார். மீதிப் படம் உருகியது. கொலைகாரன் யார் என்பதும் அதோடு போயிற்று.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்த சத்தக்காரர் அப்படியே சாய்ந்தார். அவள் அலமாரியிலிருந்து ரீலை எடுத்தாள். அது ஒழுங்காகச் சுற்றியபடியேதான் இருந்தது. இருந்தாலும் முழுதும் பிரித்து, முழுதும் சுற்றினாள். மறுபடியும் ஒருமுறை சுற்றினாள். அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் இறப்புச் சான்று எழுதிக் கொடுக்காத டாக்டர், பேனாவோடு காத்திருந்தார்.

"எழுதிக்குங்க டாக்டர்" என்றாள். "இந்தத் தடவை அவராத்தான் போயிருக்காரு."