பின் கேட்டுப் பட்டியல்

ரிப்பேர் கடைக்காரர் எனக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. மூடிப்போன ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியிலிருந்து அவர் வாங்கிய நாற்பத்தாறு பழைய கம்ப்யூட்டர்களை நான் இறக்கிய கூலி. துணியில் கோடு போடும் சாக்பீஸால் என் மனைவி அந்தத் தொகையைப் பீரோவின் பக்கவாட்டில் எழுதி வைத்திருந்தாள்.

நாலு மாதம் இழுத்தடித்துவிட்டு, காசுக்குப் பதிலாக அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்றையே கொண்டுவந்து வைத்தார். எங்களுக்கும் அது வேண்டியிருந்தது. சீருடை தைக்கும் கம்பெனி ஒன்று, சட்டைக்கான வெட்டு அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து திங்கள் காலைக்குள் அனுப்பினால், வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவதாக மனைவியிடம் சொல்லியிருந்தது. தையல் மெஷினை மிதித்து மிதித்து அவள் முழங்கால் கெட்டுப்போயிருந்தது. இனி உட்கார்ந்து வரைந்தால்தான் உண்டு.

ஆனால் போட்டதும் திரையில் எழுத்தெல்லாம் செங்கல் செங்கலாக வந்தது. வரைகிற புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்றது.

"கிராஃபிக்ஸ் கார்டு பழசு. உள்ளே போட்டிருக்கிற சிஸ்டம் புதுசு," என்றார் கடைக்காரர். "ரெண்டுக்கும் நடுவுல பேசறதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும். இந்தக் கார்டுக்கு கம்பெனிக்காரன் அதைப் போடல. கைவிட்டுட்டான்."

"நீங்க எங்களைக் கைவிட்ட மாதிரியா?" மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் மனைவி.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அதுவுமா வந்திருக்கேன். கொஞ்சம் இரக்கம் காட்டுங்க."

இதே சாயலில் உள்ள இன்னொரு கார்டின் டிரைவரைப் போட்டுப் பார்த்தார். 'இந்தக் கருவிக்குப் பொருந்தாது' என்று வந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். "பொருந்தாதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பிரிச்சுப் பார்த்துச்சா?"

"இல்லண்ணே. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. டிரைவரோட ஒரு பட்டியல் வரும். அதுல நம்பர் இல்லன்னா வெளிய போன்னுடும்."

"பட்டியல் மட்டும்தானா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சுமை தூக்கும் கிடங்கின் வாட்ச்மேன் அப்படித்தான். லாரிக்குள் எட்டியே பார்க்கமாட்டார். சீட்டில் நம்பர் இருந்தால் யானை ஏறி வந்தாலும் கேட்டைத் திறந்துவிடுவார்.

"அப்ப நம்ம நம்பரையும் அதுல எழுதிட்டா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம். ரெண்டு கார்டுக்கும் உள்ளே ஒரே சிப்புன்னு ஒரு பேச்சு இருக்கு. ஆனா ஓடுமான்னு சொல்ல முடியாது."

பட்டியலைத் திறந்தார். பெரிய மர்மம் ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். வெறும் எழுத்தும் எண்ணும்தான். அந்த இன்னொரு கார்டின் நம்பருக்குக் கீழே எங்கள் கார்டின் நம்பரை ஒரு வரியாகச் சேர்த்தார். பட்டியலில் கை வைத்தால் கம்பெனி முத்திரை செல்லாதாம். அதனால் முத்திரைச் சோதனையையும் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்.

பொருந்தாது.

"விடுங்கண்ணே. அடுத்த மாசம் காசாவே தந்துடறேன்," என்று ஒயரைப் பிடுங்கப் போனார்.

மெஷின் சத்தம் நின்றது. அடுத்த மாதக் காசு வந்தென்ன, திங்கள்கிழமை காத்திருக்குமா?

"இருங்க. நான் ஒரு தடவை படிச்சுப் பார்க்கிறேன்."

"நாலாயிரம் வரிண்ணே!"

நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன் நான். மேலோட்டமாகப் படிக்க எனக்கு வராது. அதில் இருந்த ஆங்கிலமும் பாதி புரியவில்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் நம்பரையும் சீட்டில் இருக்கும் நம்பரையும் ஒத்துப் பார்த்தே வளர்ந்த கண் இது. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். கடைக்காரர் இரண்டு டீ குடித்து முடித்தார்.

"இந்த நம்பர் மேலேயே வந்துச்சே. எதுக்கு இங்க மறுபடி எழுதியிருக்கான்?"

கடைக்காரர் குனிந்தார். அந்தப் பகுதியின் தலைப்பைப் படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "பட்டியல் ரெண்டு இருக்குண்ணே. மேல இருக்கிறது பழைய சிஸ்டத்துக்கு. நம்ம சிஸ்டம் கீழ இருக்கிறதைத்தான் பார்க்கும்."

"முன் கேட்டுல சீட்டைக் குடுத்துட்டு, பின் கேட்டுல வண்டியை நிறுத்தியிருக்கோம்."

கீழ்ப் பட்டியலிலும் அந்த வரியைச் சேர்த்தோம். ஓட்டியதும் திரை கறுத்தது. கறுத்தபடியே நின்றது.

"இருந்ததும் போச்சா?" என்றாள் மனைவி.

சட்டென்று வெளிச்சம். செங்கல் எழுத்தெல்லாம் எறும்பு வரிசையாகச் சிறுத்திருந்தது.

மனைவி எங்களை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்தாள். புரோகிராம் திறந்தது. சட்டையில் கை சேரும் இடத்து வளைவை வரைந்து, பெரிதாக்கி, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரிப் பார்த்தாள். எங்கேயும் முறிவு இல்லை. பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பொழுது சாய்வதற்குள் முழுச் சட்டையும் கம்பெனிக்குப் போய்விட்டது.

"மிச்ச நாற்பத்தஞ்சுல எத்தனைக்கு இதே கார்டு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"எண்ணிப் பார்க்கலண்ணே. நாளைக்கு வாங்க, சேர்ந்தே திறந்து பார்ப்போம்." பீரோவைப் பார்த்தார். "அக்கா, அதை அழிச்சுடலாமா?"

"கண்டுபிடிச்சது எங்க வீட்டு ஆளு. அந்தக் கூலி?"

கடைக்காரர் சட்டைப் பையைத் துழாவினார். இருந்தது நாற்பது. அதை மெஷின் மேல் வைத்துவிட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினார்.

மனைவி வெட்டி மிஞ்சிய துணி ஒன்றை எடுத்து, பீரோவில் இருந்த எண்ணை அழுத்தித் துடைத்தாள்.