மஞ்சள் ஊற்றுக் குறுக்குவழி

அஃபார் பாலைவனத்து டல்லோல் மேட்டின் மஞ்சள் ஊற்றுகளைப் படமெடுக்க வெளிநாட்டுக்காரர்கள் கடல் தாண்டி வருவார்கள். தெர்ஸாவோ அன்று காலை அந்த ஊற்றுகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தான். இரவில் பூமி ஒரு உலுக்கு உலுக்கியிருந்தது. உப்புத் தூண்களுக்குப் பக்கத்தில் குறுக்குவழியின் தரை அப்பளமாக மெலிந்துபோய், தடியால் குத்தினாலே பொத்துக்கொண்டது. அடியில் பச்சைத் தண்ணீர் கொதித்தது. விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்தே கடந்து வந்தான்.

இதை எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்லியாக வேண்டும். அஃபார் மனிதன் வழியில் யாரைக் கண்டாலும், பகையாளியே ஆனாலும், உட்கார்ந்து தாகு சொல்லவேண்டும்: வந்த வழி எப்படி, தண்ணீர் எங்கே, செத்தது யார், எல்லாம். மறைக்கிறவனை எவரும் தம் பாயில் உட்காரவிட மாட்டார்கள்.

சரி, எதிரே வந்தது யார்? காஸ்! தெர்ஸாவின் தங்கை மோமினாவை, தண்ணீர் மொள்ளக்கூடத் துப்பில்லாதவள் என்று தாய்வீட்டுக்குத் துரத்திவிட்ட மகராசன். இரண்டு ஒட்டகங்களோடு ஆடி அசைந்து வந்தான்.

"மச்சான், உட்காருங்க. தாகு சொல்லிக்குவோம்." முகத்தில் சிரிப்பு வேறு.

"யாருக்கு யாருடா மச்சான்?"

"கோவம் இருக்கட்டும். நல்ல சேதி ஒண்ணு இருக்கு, கேட்டுட்டுப் போங்க."

"உன் சேதியை ஒட்டகத்துக்கிட்ட சொல்லு. தலையாட்டிக் கேக்கும்."

"வழி எப்படின்னாவது சொல்லுங்க."

நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒட்டகக்காரன் எவனும் குறுக்குவழியில் இறங்கமாட்டான். கூரிய உப்பு ஒட்டகத்தின் பாதத்தைக் கிழித்துவிடும். அது நடந்து போகிறவர்களின் வழி. ஊரில் போய்ச் சொன்னால் போயிற்று. இவனோடு எதற்கு உட்காரவேண்டும்?

"கண்ணு இருக்குல்ல? பாத்துப் போ," என்று நடையைக் கட்டினான். அந்த வெயிலிலும் மனசு குளிர்ந்தது, பாருங்கள்! பாழாய்ப்போன வீம்புக்கு அவ்வளவு ருசி.

குடிசை வாசலில் அம்மா ஓலைப்பாய் முடைந்துகொண்டு சிரித்தாள். "காஸைப் பாத்தியா? காலைல வந்து கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டான். மோமினா அவன்கூடப் போயிட்டா. உங்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு துடிச்சானே!"

"அவன் தனியால்ல வந்தான்? மோமினா எங்கம்மா?"

"கிணத்துப் பக்கமா போயிருக்கா. தோல்பையை ரொப்பிக்கிட்டு குறுக்குவழியா வந்துடுறேன், தூண்கிட்ட நில்லுங்கன்னு அவன்கிட்ட சொல்லிட்டுப் போனா."

தெர்ஸா வந்த வழியே திரும்பி ஓடினான். பின்னாலேயே அம்மாவும் "என்னடா, என்னடா" என்று எழுந்தாள்.

தூண்களுக்குப் பக்கத்தில் ஒட்டகங்கள் மண்டியிட்டுக் கிடந்தன. குறுக்குவழியில் ஒரு பெரிய ஓட்டை, அதிலிருந்து ஆவி. ஓரத்தில் காஸ் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கைவரை வெந்து தோல் தொங்கியது.

"உட்காருங்க," என்றான்.

தெர்ஸா உட்கார்ந்தான். காஸ் முறைப்படி முதலிலிருந்து சொன்னான். மன்னிப்புக் கேட்டது. மோமினா முதலில் முகத்தைத் திருப்பி, பிறகு சிரித்தது. தோல்பையைச் சுமந்துகொண்டு தூரத்திலிருந்தே கையை ஆட்டியது. அவள் காலடியில் தரை பொத்துக்கொண்டது. அவன் ஓடிப்போய்க் கையைவிட்டுத் துழாவியது.

"என் சேதி இவ்வளவுதான் மச்சான். இப்ப நீங்க சொல்லுங்க. காலைல இந்த வழியாத்தானே வந்தீங்க? அப்ப தரை நல்லாத்தானே இருந்துச்சு?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. பார்த்தவர் யாருமில்லை. காஸின் கண்கள்கூட அந்த ஆமாமைத்தான் கெஞ்சின.

"இல்ல," என்றான் தெர்ஸா. "அப்பவே மெலிஞ்சு பொத்துக்கிற மாதிரிதான் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் உனக்கு எதிர்ல வந்தேன்."

காஸ் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. தலைவிரிகோலமாக அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். காஸ் எழுந்து அவளுக்கு எதிரே நடந்து போய், வழியில் நிறுத்தி, உட்காரச் சொன்னான்.